அரைத் தொட்டித் தண்ணீர்

இதை எழுத உட்காருவதும் முதல் வரியோடு எழுந்துவிடுவதுமாகப் பல வருடங்கள் ஓடிவிட்டன. செபம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாலும் கை வராது. நோட்டை மூடிவிட்டுக் கோழிகளுக்குத் தீனி போடப் போய்விடுவேன். நான் மூன்றாம் பாரம் என்கிற ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அதனால்தான் எழுத வரவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எழுதினால் உங்களிடம் எனக்கு இருக்கிற நல்ல பெயர் கொஞ்சம் குறையும். அந்தப் பயம்தான்.

பள்ளிக்கூட ஆய்வுக்கூடங்களில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, போன மாதம் நம்முடைய விருந்தில் உங்களில் ஒருவர் மேடையேறி என்னைப் பற்றி ஒரு கதை சொன்னார். எல்லோரும் கைதட்டினீர்கள். எனக்கு மாலையும் போட்டீர்கள். நானும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன். அந்தக் கதையில் ஓர் இடம் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் கண்ணை மூடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் தொழிலில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஆசிரியர் பாடம் நடத்துவார், பிள்ளைகள் சோதனை செய்வார்கள், சோதனை சில நாள் 'வராது'. அப்போது ஆசிரியர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். நாம் வரவைப்போம். நான் லூனாஸில் ஒரு பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுபதுகளில், மேலிடத்து அதிகாரி வகுப்பைப் பார்க்க வரும் நாளாகப் பார்த்து விடாத மழை. இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்க்கிற பாடம் அன்றைக்கு. இரண்டு நாளாக வெயில் இல்லை. இலை எப்படிக் கறுக்கும்? நான் வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றுக் கஞ்சியைத் தொட்டு இலைகளில் மெல்லிசாகத் தடவிவிட்டேன். அயோடின் பட்டதும் இலை மைபோலக் கறுத்தது. அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். நான் பெருமையாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இலைக்கு ஊத்துன கஞ்சிய புள்ளைங்களுக்கு ஊத்தியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது உறைக்கவில்லை. கைராசிக்காரன் என்று பெயர் வந்துவிட்டது. எது வராவிட்டாலும் லேப் அண்ணனைக் கூப்பிடு என்றார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் இந்த வேலையில் எனக்குக் குரு என்று ஒருவரைச் சொல்வதென்றால் அவரைத்தான் சொல்வேன். அவருக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் அறிவியல் சஞ்சிகை தபாலில் வரும். கப்பலில் வந்து சேருவதற்குள் சில மாதம் பழசாகியிருக்கும். வகுப்பு முடிந்து நான் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது டீச்சர் அதைப் படித்துவிட்டுத் தமிழில் எனக்குச் சொல்வார்.

ஒருநாள் மதியம் இப்படித்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒரு நட்சத்திரம் இன்னொரு நட்சத்திரத்தைத் தின்னுதாம். நம்புவீங்களா?"

"பக்கத்து வீட்டுக்காரனையா டீச்சர்?"

"பக்கத்து வீடு இல்ல, ஒரே வீடு. புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டே இருக்கிற ஜோடி."

"அப்ப நடக்கிறதுதான் லா."

டீச்சர் சிரித்துவிட்டு மேசையிலேயே சாக்கட்டியால் வரைந்து காட்டினார். ஜோடியில் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற பெரிய நட்சத்திரம். மற்றது தெரியாது. அது உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருட்டு மட்டும்தான். ஒளிகூட அதற்குள் போனால் திரும்பி வராதாம். கருந்துளை என்பார்கள். அது பெரியதின் மேலிருந்து வாயுவைச் சிறிது சிறிதாக இழுக்கும். இழுபடுவது நேரே போய் விழுவதில்லை. தொட்டித் தண்ணீர் ஓட்டையைச் சுற்றிச் சுழல்வதைப்போலத் தட்டாகச் சுற்றிச் சுற்றி, உரசிச் சூடாகி, கடைசியில்தான் விழும். இதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு டீச்சர் சொன்னதுதான் என்னைக் கையிலிருந்த குடுவையைக் கீழே வைக்கவைத்தது. அந்தச் சுழலின் நடுவிலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பீச்சல்கள் கிளம்புகின்றனவாம். அப்போது புதிதாகக் கண்டிருந்த ஒரு ஜோடியில் அந்தப் பீச்சல் போகிற வேகம் ஒளியின் வேகத்தில் கால்வாசி. அங்கே உட்கார்ந்து தின்பது கருந்துளையா வேறு ஏதாவதா என்று பெரிய பெரிய ஆட்களே இன்னும் தீர்மானிக்கவில்லை என்றும் சொன்னார்.

நான் என்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்து மாணவி ஒருத்தி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். திலகவதி. பாலிங் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரின் மகள். லூனாஸில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அவள் கேட்டாள்: "எல்லாத்தையும் முழுங்குற குழிங்கிறீங்க. அப்புறம் அது எப்படி டீச்சர் வெளிய வீசும்?"

"குழிக்குள்ள போனது போனதுதான். விழறதுக்கு முன்னாடி விளிம்புல சுத்துது பாரு, அதுல கொஞ்சம்தான் வெளிய கெளம்புது. எப்படின்னு யாருக்கும் இன்னும் சரியாத் தெரியல. ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு. அன்னம்னு சொல்ற நட்சத்திரக் கூட்டத்துல வேற ஒரு ஜோடி. அங்க வந்துக்கிட்டிருந்த எக்ஸ்ரே திடீர்னு மாறிச்சு. அதே சமயத்துலதான் அதுவரைக்கும் இல்லாத ரேடியோ அலை அங்கேர்ந்து வர ஆரம்பிச்சுது. எக்ஸ்ரே, விழறதோட சேதி. ரேடியோ, வீசுறதோட சேதி. ஒண்ணு மாறுனா இன்னொண்ணும் மாறுது."

திலகவதி வந்து சாக்கட்டிப் படத்தின் பீச்சலில் விரலை வைத்தாள். "எங்க தோட்டத்துல அப்படி ஒரு பம்பு இருக்கு டீச்சர்" என்றாள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் டீச்சரும் நானும் அந்தப் பம்பைப் பார்க்கப் போனோம். மலையடி ஓடைக்குப் பக்கத்தில் ஆளுயரப் புதருக்குள் இருந்தது. இரும்பில் குட்டை மனிதன் உட்கார்ந்திருப்பது போன்ற உருவம். எஞ்சின் இல்லை, கரெண்ட் இல்லை. 'டக்... டக்...' என்று தானாக அடித்துக்கொண்டிருந்தது. ஓடைத் தண்ணீர் குழாயில் இறங்கி வந்து அதற்குள் விழுகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாய் மூடித் திறக்கிறது. பெரும்பங்கு தண்ணீர் வெளியே கொட்டி வீணாக ஓடிவிடுகிறது. அந்த விழுந்த வேகமே ஒரு சிறு பங்கை மட்டும் பிடித்துத் தள்ள, அது ஓடையைவிட எத்தனையோ மேலே, மலையுச்சியில் இருக்கும் துரை பங்களாவுக்கு ஏறிப் போகிறது.

அதைப் பார்த்துக்கொள்கிற வேலை திலகவதியின் அப்பாவுக்கு. ஆட்டுக்கிடாபோல முட்டித் தள்ளுவதால் வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து ராம் பம்பு என்று பெயராம். பம்பின் தலையில் பழைய குங்குமம் காய்ந்து கிடந்தது. ஆயுத பூசைக்கு வைத்தது.

"ஒம்பது பங்கைத் தின்னுட்டு ஒரு பங்கைத் துப்பும் டீச்சர்" என்றார் அவர்.

நான் குறும்பாகக் கேட்டேன். "விழற தண்ணிய அடைச்சிட்டா?"

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "விழறது நின்னா ஏறுறதும் நின்னுடும் அண்ணே. சாமியே எறங்கி வந்து சொன்னாலும் ஏறாது லா."

அந்த இடத்தில், ஈரப் புதருக்குள் நின்றுகொண்டு, நான் பம்பின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். அத்தனை கோடி மைலுக்கு அப்பால் நடக்கிற காரியத்துக்கும் பாலிங் ஓடைக்கும் ஆண்டவர் ஒரே சட்டத்தை எழுதிவைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். வீசுகிற முறை வேறு, அது தண்ணீர் இல்லை, நெருப்பையும் காந்தத்தையும் போன்ற ஏதோ ஒன்று என்று டீச்சர் அப்போதே திருத்தினார். ஆனால் விழுவதன் பலத்தில்தான் எழுவது எழுகிறது, அது பொது.

அந்த வருடம் அலோர் ஸ்டாரில் நடக்கவிருந்த பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்கு இதையே மாடலாகச் செய்வது என்று முடிவானது. திலகவதி வரைந்தாள். நான் வெட்டி, வளைத்து, ஒட்டினேன். மேலே ஒரு தகரத் தொட்டி. அதுதான் பெரிய நட்சத்திரம். அதிலிருந்து, அடைக்கவும் திறக்கவும் இடுக்கி போட்ட ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் கீழே உள்ள அகலமான கண்ணாடிச் சட்டிக்குள் பக்கவாட்டில் பாய்ந்து சுழலும். சட்டியின் நடு ஓட்டைதான் கருந்துளை. அதில் விழும் தண்ணீர் மேசைக்கு அடியில் உள்ள எங்கள் குட்டி ராம் பம்பில் இறங்கும். பம்பு தள்ளுகிற சிறு பங்கு ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏறிச் சுழலின் நட்டநடுவிலிருந்து மேலே பீறிடும். அடி அடியாக வருவதைக் கொஞ்சம் சீராக்க, பம்போடு காற்று அடைத்த ஒரு சின்னப் புட்டியும் வைத்தோம். அசல் பம்பிலும் அப்படி ஒன்று உண்டு.

தொட்டி காலியாகாமல் வாளியால் ஊற்றிக்கொண்டிருப்பது என் வேலை. எப்போது ஊற்ற வேண்டும் என்று தெரிவதற்குத் தொட்டியின் பக்கத்தில் கண்ணாடிக் குழல் ஒன்று வைத்து, பாதியில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். இந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் சோதித்தபோது நீர் ஒரு சாண் உயரத்துக்கு, 'டக்' சத்தத்துக்கு ஒன்றாகத் துடித்துத் துடித்து எழுந்தது. எனக்கு அது போதவில்லை. பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டாமா என்று தோன்றியது. திலகவதிக்கோ அதுவே போதும். அவளுக்குப் பரிசைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தாள். தலைமையாசிரியர் எழுதித்தரும் நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாமல் அந்த மனு செல்லாது. அவர் கண்டிப்பான மனிதர். கண்காட்சிக்குப் போகும் முதல் நாள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "தோத்துட்டு வாங்க, பரவால்ல. பள்ளி பேர்ல ஒரு பொட்டுக் கறை விழுந்தா, யாரா இருந்தாலும் என்கிட்ட சான்றிதழ் கேட்டு வராதீங்க." எனக்கும் அப்போது ஒன்று காத்திருந்தது. ஆறு வருடம் தற்காலிகமாக இருந்துவிட்டு, வேலை நிரந்தரமாவதற்கான கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள், நான்காவது வயிற்றில்.

லூனாஸிலிருந்து அலோர் ஸ்டாருக்கு வேனில் போனோம். அந்தக் குலுக்கலில் என்னவோ ஆகிவிட்டது. அங்கே ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் மாடலை மாட்டித் தண்ணீர் விட்டால், நீர் நாலு விரல் உயரம்கூட எழவில்லை. வால்வை மூடுகிற தோல் வட்டில் மண் ஏறியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும், ஆனால் அதற்கு நேரம் இல்லை. நடுவர்கள் இரண்டு மேசை தள்ளி வந்துவிட்டார்கள். டீச்சரும் திலகவதியும் பெயர் பதியப் போயிருந்தார்கள். நான் தனியாக இருந்தேன்.

பின்னால் சுவரோரம் ஒரு தண்ணீர்க் குழாய். என் சாமான் பெட்டியில் ரப்பர் டியூப்பும், மூன்று பக்கம் பிரிகிற ஒரு கண்ணாடி இணைப்பும். கை யோசிக்கவில்லை. இலைக்குக் கஞ்சி தடவிய அதே கை. சுவர்க் குழாயிலிருந்து டியூப்பை இழுத்து, மேசையின் கறுப்புத் துணிக்கு அடியில் ஓட்டி, மேலே போகும் கண்ணாடிக் குழாயோடு சேர்த்துவிட்டேன். குழாயைத் திருகினேன். சுழலின் நடுவிலிருந்து நீர் ஒரு முழம் எழுந்தது, பளிங்குக் கம்பி மாதிரி. நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஆமாம், அதற்கும் நன்றி சொன்னேன்.

டீச்சரோடு திலகவதி திரும்பி வந்தாள். முகம் மலர்ந்தது. "அண்ணே! சரியாயிடுச்சா?"

"அண்ணன் இருக்கிறப்ப என்ன சூசா, என்ன கஷ்டம்?"

அவள் குனிந்து பார்த்தாள். "துடிக்கவே மாட்டேங்குதே?"

"காத்துப் புட்டி நல்லா வேலை செய்யுது லா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

நடுவர்கள் மூவர் வந்தார்கள். தலைவர் வயதான மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். திலகவதி மலாயில் அழகாக விளக்கினாள். ஜோடி நட்சத்திரம், சுழல், பீச்சல், பாலிங் பம்பு, எல்லாம். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "அப்படியென்றால் விழுவதை நிறுத்தினால்?"

"எழுவதும் நின்றுவிடும், துவான்" என்று மரியாதையாகச் சொன்னாள். சந்தேகமே இல்லாமல், அவள் அப்பாவைப்போல.

"தூத்தோப் ஆயேர்" என்றார். தண்ணீரை அடை. சொல்லிவிட்டு அவரே கையை நீட்டித் தொட்டிக் குழாயின் இடுக்கியை இறுக்கினார்.

சுழல் மெலிந்தது. சட்டி காலியானது. மேசைக்கு அடியில் பம்பு கடைசியாக ஒரு தடவை 'டக்' என்றது, ஓய்ந்தது. நடுவில் நீர் மட்டும் அதே ஒரு முழ உயரத்தில், வெயில் பட்டு மின்னிக்கொண்டு நின்றது.

"எதையும் சாப்பிடாமலே துப்புகிறதே உங்கள் நட்சத்திரம்" என்றார் அவர்.

பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன், "மந்திரத் தண்ணி டா!" என்றான்.

திலகவதி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முட்டி போட்டு உட்கார்ந்து துணியைத் தூக்கினாள். கண்ணாடிக் குழாயில் விரலை வைத்து, அதைத் தொட்டுக்கொண்டே இணைப்புவரை வந்து, ரப்பர் டியூப்பைத் தொட்டுக்கொண்டே சுவர்வரை போனாள். குழாயை மூடினாள். நீர் விழுந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"துவான், இந்த டியூப் எங்கள் மாடலைச் சேர்ந்தது இல்லை. இருந்தது எனக்குத் தெரியாது. ஆனால் நீர் துடிக்கவில்லை என்று கவனித்தேன். கவனித்தும் தேடிப் பார்க்காமல் விட்டுவிட்டேன்."

"யார் வைத்தது?"

"மாடல் என்னுடையது, துவான்" என்றாள். டியூப்பைப் பிடுங்கிப்போட்டாள். இணைப்பின் மூன்றாவது வாயை விரலால் அடைத்துக்கொண்டு, மறு கையால் தொட்டியின் இடுக்கியைத் திறந்தாள். "இதுதான் எங்கள் மாடல்."

சுழல் வந்தது. 'டக்... டக்...' நாலு விரல் உயரத்துக்கு நீர் திக்கித் திக்கி எழுந்தது. நடுவர்களில் ஒருவர் மற்றவரின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. பெனிப்புவான். ஏமாற்று. தலைவர் பேனாவைத் திறந்து தாளைப் புரட்டினார்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். விருந்து மேடையில் என்ன சொல்லப்பட்டது? 'லேப் அண்ணன் அடுத்த நொடியே முன்னால் வந்து, நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொண்டார்' என்று. இல்லை. அடுத்த நொடியில் அல்ல. நான் கையில் வாளியோடு நின்றேன். என் கண் தொட்டியின் கண்ணாடிக் குழலில் இருந்தது. தண்ணீர் விளிம்புவரை இருந்தபோது அவள் இடுக்கியைத் திறந்தாள். அது இறங்க இறங்க நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மேசையில் கையெழுத்துக்குக் கிடந்த என் கடிதத்தை. நான்காவது பிள்ளையை. 'அவள் சின்னப் பிள்ளை, அவளை மன்னித்துவிடுவார்கள்' என்றுகூட நினைத்தேன். சான்றிதழ் போய்விடும் என்று தெரிந்தே அப்படி நினைத்தேன். அந்த இணைப்பு என் பெட்டிச் சாமான் என்று டீச்சருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார், வாய் திறக்கவில்லை. நான் திறக்க வேண்டிய வாய் என்று விட்டுவைத்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு வந்தது. அரைத் தொட்டி. நீங்கள் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நேரம் என்று தெரியும்.

அப்போது திலகவதி சொன்னாள்: "ஊத்துங்கண்ணே. நின்னுடும்."

அந்த 'அண்ணே'யில் கோபம் இல்லை. எப்போதும் கூப்பிடுகிற அதே அண்ணே. அவளுக்கு அந்த நேரத்தில் தன் சான்றிதழைவிட அந்தப் பம்பு நின்றுவிடக் கூடாது என்பது பெரிதாக இருந்தது. நடுவர்கள் உண்மையான ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது பாதியில் அறுந்துவிடக் கூடாது. நான் வாளியைத் தூக்கி ஊற்றினேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே என் வாயிலிருந்து வந்தது.

"சாயா பூஞா கெர்ஜா, துவான்." என் வேலைதான் அது, ஐயா.

பேனா நின்றது. "ஏன்?"

"உயரமாக எழவில்லை துவான். பிள்ளை தோற்றுவிடும் என்று பயந்தேன்."

"பிள்ளைக்காகப் பயந்தீர்களா, உங்கள் பெயருக்காகவா?"

நான் வாளியில் மிச்சம் இருந்ததையும் தொட்டியில் ஊற்றினேன்.

அவர் என்னை விட்டுவிட்டார். மாடலிடம் திரும்பினார். மறுபடி இடுக்கியை இறுக்கினார். புட்டியில் இருந்த காற்றின் பலத்தில் நீர் இன்னும் இரண்டு தடவை துடித்தது, பிறகு தலை சாய்த்து அடங்கியது. திறந்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுழல், பிறகு 'டக்', பிறகு நீர். மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். நாலு தடவை. அவர் முகத்தில் நான் அன்று பார்த்ததை கோவிலில் முதல் நன்மை அப்பம் வாங்குகிற குழந்தைகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன். சிரித்தவர்கள்கூட வந்து சுற்றி நின்றார்கள். நாலு விரல் உயரத் தண்ணீர்தான். ஆனால் மேலிருந்து விழுவதும் நடுவில் எழுவதும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. என் ஒரு முழப் பளிங்குக் கம்பிக்கு எதுவுமே தெரியாது.

பரிசு கிடைக்கவில்லை. விதிப்படி மாடலைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் மாணவி மேல் குற்றமில்லை, குழாயை அவளே கண்டு அகற்றினாள் என்று தலைவர் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அதை வாசித்த பிறகு எங்கள் தலைமையாசிரியர் திலகவதிக்குச் சான்றிதழ் எழுதித்தந்தார். என் கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அது வெளியே வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. என் மனைவியிடம் சொன்னபோது, அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "ஊத்துறப்பவாச்சும் சொன்னீங்களே" என்றாள். பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பும் வாங்கிவிட்டேன்.

சில வருடம் கழித்து டீச்சர் ஒரு சஞ்சிகையோடு என் அறைக்கு வந்தார். அந்த வேகமான பீச்சல் இருக்கிறதே, அது சீரான கம்பியாகப் போவதில்லையாம். உருண்டை உருண்டையாக, விட்டு விட்டுக் கிளம்புகிறதாம். "துடிச்சுத் துடிச்சுதான் வருது அண்ணே" என்றார். அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எதைக் குறை என்று மறைத்தேனோ அதைத்தான் வானத்தில் எழுதியிருக்கிறது. அன்றைக்குச் சாமான் அறையில் மாதா படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். என்ன செபம் சொல்வது என்றே தெரியவில்லை.

உங்களுக்கு இதிலிருந்து சொல்லக்கூடியது ஒன்றுதான். சோதனை வருவதற்கு வேண்டிய வழியைச் செய்துகொடுங்கள். மண்ணைத் துடையுங்கள், தோலை மாற்றுங்கள், தொட்டியை நிரப்புங்கள். அதற்கு மேல் வந்தால் வரட்டும், வராவிட்டால் 'வரவில்லை' என்று பிள்ளைகள் எழுதட்டும். நீங்கள் வரவைக்காதீர்கள்.

போன மாத விருந்துக்கு ஜித்ராவிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார், கண்ணாடி போட்டு, கடைசி வரிசையில். ஓய்வு பெற்ற ஆசிரியை என்று மட்டும் உங்களிடம் அறிமுகப்படுத்தினேன். அவர்தான் திலகவதி. என்னைப் பற்றி மேடையில் சொன்ன கதையை முழுக்கக் கேட்டார், எல்லோரோடும் கைதட்டினார். அன்றைக்குப் போலவே யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காடியில் ஏறி உட்கார்ந்த பிறகு மட்டும், கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டார்.

"அண்ணே, கதை நல்லாத்தான் பீச்சுது. ஆனா துடிக்கவே மாட்டேங்குதே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தக் காடி வளைவில் திரும்பும்வரை நான் மாலையோடு நின்றேன்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அந்த அரைத் தொட்டித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். நான் பேசாமல் நின்ற நேரம் அது, என்னுடையது, அது அங்கேயே இருக்கட்டும். என் மேல் உள்ள பாசத்தில் துணிக்கு அடியில் ஒரு டியூப் ஓட்டி என்னை ஒரு முழம் உயர்த்திவிடாதீர்கள். நாலு விரல் போதும்.